ஒரு கட்டு அட்டையில் கிள்ளான் ஆறு

மாணவர்களே, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்து போக்கிமோன் பெயர்களை எழுதுங்கள். இரண்டு நிமிடத்தில் எழுதி முடித்துவிடுவீர்கள். இப்போது தாளைத் திருப்பிப் போட்டு, கிள்ளான் ஆற்றிலும் அதன் கிளை ஆறுகளிலும் வாழும் பத்து மீன்களின் பெயர்களை எழுதுங்கள். கெம்போங், தெங்கிரி, பாவால் எல்லாம் கணக்கில் வராது. அவை கடல் மீன்கள்.

பலருக்கு மூன்று நான்கு பெயரிலேயே பேனா நின்றுவிடும். இங்குள்ள பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் அவருடைய நண்பர்களும் 2002-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையுள்ள 109 பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டிருந்தார்கள். சில படங்களில் அந்நாட்டுச் செடிகளும் விலங்குகளும் இருந்தன, மற்றவற்றில் போக்கிமோன்கள். எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகள் போக்கிமோன்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைச் சரியாகச் சொன்னார்கள். தங்கள் ஊர் உயிரினங்களில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. உயிரினங்களின் பெயரை மனத்தில் பதிக்கும் ஆற்றல் பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொண்டது அட்டை வியாபாரம்தான் என்பது அந்த ஆய்வாளர்கள் சொல்ல வந்த செய்தி.

இதைப் படித்த ஒருவர் சும்மா இருக்கவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் டேவிட் எங், 2010-இல் 'ஃபைலோ' என்ற அட்டை விளையாட்டைத் தொடங்கினார். உண்மையான உயிரினங்களே அதன் அட்டைகள். ஓவியர்கள் படம் கொடுத்தார்கள், விளையாட்டுப் பிரியர்கள் விதி எழுதினார்கள், ஆசிரியர்கள் வகுப்பில் சோதித்துப் பார்த்தார்கள். யார் வேண்டுமானாலும் அட்டைகளை இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம்.

அதன் அடிப்படை விதி எளிது. ஓர் உயிரினத்தின் அட்டையை மேசையில் வைக்க வேண்டுமானால், அது உண்ணும் உயிரினம் அங்கே ஏற்கெனவே இருக்க வேண்டும். இருவருக்கும் வாழிடமும் தட்பவெப்பமும் பொருந்த வேண்டும். இடையில் காட்டுத் தீ, எண்ணெய்க் கசிவு போன்ற நிகழ்வு அட்டைகள் வந்து கட்டியதைக் கலைக்கும். படிவம் 2 அறிவியல் நூலில் 'எக்கோசிஸ்தெம்' என்று படிக்கிறீர்களே, அந்தப் பாடத்தில் பாதி இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த விதியை எடுத்துக்கொண்டு நம் கிள்ளான் ஆற்றுக்கு ஒரு கட்டு அட்டை செய்து பார்க்கலாம்.

வலிமை எண் வேண்டாம்

அட்டை செய்யச் சொன்னால் மாணவர்கள் முதலில் கேட்பது, "டீச்சர், இதுக்கு எத்தனை பவர் போடணும்?" என்பதுதான். போக்கிமோன் அட்டையில் உயிர் எண் இருக்கும். அந்த எண் எந்த மேசையில் விளையாடினாலும் மாறாது. மீனுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. மலையோடையில் அரசனாக இருக்கும் மீன் பிரிக்பீல்ட்ஸ் பின்பக்கம் ஓடும் ஆற்றில் ஒரு நாள் தாக்குப்பிடிக்காமல் போகலாம். ஆகவே வலிமை எண்ணுக்கு இருக்க வேண்டிய இடத்தில், 'எப்படிச் சுவாசிக்கிறது?' என்ற பெட்டியைப் போடுங்கள். நகர ஆற்றில் யார் இருப்பது, யார் போவது என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவுசெய்கிறது.

காரணம் இதுதான். மீனுக்கு வேண்டிய உயிர்வளி நீரில் கரைந்திருக்கிறது. நீர் சூடானால் அது கரையும் அளவு குறையும். 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். மலேசிய நீர்த்தர அளவீட்டில் முதல் வகுப்பு ஆற்றுக்கு 7 மில்லிகிராம் வேண்டும், இரண்டாம் வகுப்புக்கு 5 முதல் 7 வரை, மூன்றாம் வகுப்புக்கு 3 முதல் 5 வரை. அதற்கும் கீழே நான்காம் வகுப்பு. 1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஐந்தாம் வகுப்பு. நம் நாட்டு வெயிலில் ஆறு முதல் வகுப்பில் இருக்க எவ்வளவு சிறிய இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த நீரில் உணவுக் கழிவும் மனிதக் கழிவும் சேர்ந்தால் அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். அவையும் உயிர்வளியைத்தான் இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறுவதற்கு நஞ்சு கலக்க வேண்டும் என்பதில்லை. மீந்துபோன சோறும் குழம்பும் போதும்.

எனவே மேசையில் முதலில் இட அட்டைகளைப் பரப்புங்கள். கிள்ளான் ஆறு தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. மேலே மலையோடை ஓர் அட்டை. 1958-இல் கட்டிய கிள்ளான் கேட்ஸ் அணைக்குக் கீழே, கோம்பாக் ஆறு வந்து சேரும் மஸ்ஜிட் ஜாமெக் தொடங்கி பிரிக்பீல்ட்ஸ் வரை நகர ஆறு என்று ஓர் அட்டை. லோங்காங்குக்கு ஓர் அட்டை. பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்கு ஒன்று. பள்ளத்தாக்கு முழுவதும் அவை இருக்கின்றன. கடைசியாக, கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் சதுப்புநிலக் காடும் உவர்நீரும் உள்ள கழிமுகம். ஒவ்வோர் இட அட்டையின் மேலும் ஒரு துண்டுத் தாளில் உயிர்வளி அளவைப் பென்சிலால் எழுதி வையுங்கள். விளையாட்டில் அது மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்து உணவு அட்டைகள்: பாசி, மட்கிய கழிவு, நீர்ப்பூச்சி, கரையோர மரங்களின் பழம். விதி ஒன்று: ஓர் உணவு அட்டை இரண்டு மீன் அட்டைகளைத்தான் தாங்கும். இந்த விதியை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

யார் யார் அட்டையில்?

மலையோடைக்கு கெலா. தெளிந்து வேகமாக ஓடும் நீர் இதற்கு வேண்டும். கரையோர மரங்களிலிருந்து ஆற்றில் விழும் பழங்களை விரும்பித் தின்னும் அனைத்துண்ணி. ஆகவே அதன் உணவுப் பெட்டியில் 'பழம்' என்று எழுத வேண்டும். 'காடழிப்பு' என்ற நிகழ்வு அட்டை வந்தால், தண்ணீரில் யாரும் கை வைக்காமலேயே கெலாவின் உணவு பறிபோகும். தாமான் நெகாராவின் லுபோக் தெனோரில் இம்மீனுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. மலையோடையிலும் தெளிந்த ஆற்றிலும் செபாராவும் வாழும். உடலின் நடுவே கறுப்புப் பட்டை ஓடும் மாமிச உண்ணி, சிறு மீன்களைத் துரத்தித் தின்னும். தாவரங்களை அதிகம் தின்னும் லாம்பாம் சுங்கை மீனை வாலின் சிவப்பையும் கறுப்பு ஓரத்தையும் வைத்து அடையாளம் காணலாம். இந்த மூன்றுக்கும் சுவாசப் பெட்டியில் 'செவுள் மட்டும்' என்று எழுதுங்கள்.

ஹாருவான் வேறு ரகம். தமிழில் விரால். சங்கப் பாடல்களில் வரால் என்று வருவதும் இதுவே. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஹாருவான் சூப் வைத்துக் கொடுக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். இதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றைச் சுவாசிக்க ஓர் உறுப்பு இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். மேலே வர விடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். வறண்ட காலத்தில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். தவளை, பூச்சி, சிறு மீன் எதையும் விடாது. தன் குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் காவல் காக்கும்.

புயு என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் மீனுக்குத் தமிழில் பனையேறிக் கெண்டை என்று பெயர். இதுவும் காற்றைச் சுவாசிக்கும். செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத் தரையில் நகர்ந்தும் போகும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, ஒரு பனைமரத்தில் தண்ணீருக்கு மேலே சுமார் ஐந்து அடி உயரத்தில் இம்மீனைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அதை வெளியிட்டது. உண்மையில் பனை ஏறுமா? பறவை தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருக்கலாம் என்கிறார்கள் பின்னால் வந்தவர்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனால் பெயர் நன்றாக இருக்கிறது, அட்டையில் எழுதிவிடுங்கள்.

லோங்காங்கில் நீங்கள் பிளாஸ்டிக் பையில் பிடித்திருக்கக்கூடிய கப்பி, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. கொசுப் புழுவைத் தின்னும் என்று பல நாடுகளில் விட்டார்கள். உயிர்வளி குறைந்தால் நீரின் மேற்பரப்பிலேயே மிதந்து, காற்றோடு உரசும் மெல்லிய நீர்ப்படலத்தைச் சுவாசிக்கும். திலாப்பியா ஆப்பிரிக்க மீன். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் ஆட்சியில் ஜாவாவிலிருந்து இங்கே வந்தது. தமிழ்நாட்டில் இதை ஜிலேபிக் கெண்டை என்பார்கள். சந்தையில் கெலி என்று கேட்டால் இன்று கிடைப்பதும் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்திதான். நம் ஊர்க் கெளுத்திக்குத் தனி அட்டை செய்யுங்கள்.

கழிமுகத்தில் சுவையான அட்டைகள் இரண்டு. சதுப்புச் சேற்றில் துள்ளும் பெலாச்சாக், தோல் ஈரமாக இருக்கும்வரை அதன் வழியாகவும் சுவாசிக்கும். கெத்தாம் தீவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இன்னொன்று சியாக்காப், தமிழில் கொடுவா. இது முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெரும்பாலும் பெண்ணாக மாறும். முட்டையிட உவர்நீர் வேண்டும், ஆனால் இளம் மீன்கள் ஆற்றுக்குள் ஏறி வளரக்கூடியவை. எனவே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டை செய்து, இரண்டு இட அட்டைகளுக்கும் நடுவே வழி திறந்திருந்தால்தான் பெண் அட்டையை வைக்கலாம் என்று விதி போடலாம்.

ஒரு சுற்று ஆடுவோம்

கடைசி அட்டையை வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறேன். இக்கான் பண்டாராயா. நகராண்மைப் பணியாளர்கள் தெருவைச் சுத்தம் செய்வதுபோல மீன்தொட்டிப் பாசியைச் சுரண்டித் தின்பதால் இந்தப் பெயர். தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து மீன்தொட்டி வியாபாரத்தில் வந்தது. கடையில் விரல் நீளத்தில் வாங்குவோம். வளர்ந்தால் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். தொட்டி போதாமல் ஆற்றில் விடுகிறார்கள். உடல் முழுவதும் கவசம் போன்ற தகடுகள். நீரில் உயிர்வளி இல்லாவிட்டால் காற்றை விழுங்கி இரைப்பை வழியாகச் சுவாசிக்கும். கரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டி முட்டையிடும். அதனால் கரை இடியும். அதன் சொந்த ஊரில் கைமன் என்ற முதலை இனம் அதைத் தின்னும். கிள்ளான் ஆற்றில் கைமன் இல்லை. குஞ்சாக இருக்கும்போது விராலோ கொக்கோ பிடிக்கலாம். வளர்ந்துவிட்டால் தொடுவோர் குறைவு.

இப்போது பிரிக்பீல்ட்ஸ் நகர ஆற்று அட்டையை நடுவில் வையுங்கள். உயிர்வளி 6 என்று எழுதுங்கள், இரண்டாம் வகுப்பு. பாசி, மட்கிய கழிவு, நீர்ப்பூச்சி மூன்றும் இருக்கின்றன. முதல் ஆட்டக்காரர் பாசியின் பக்கத்தில் லாம்பாமை வைக்கிறார். இரண்டாமவர் கப்பியை நீர்ப்பூச்சியின் பக்கத்தில் வைக்கிறார். சிறு மீன்கள் வந்துவிட்டதால் செபாராவ் வரலாம். ஹாருவானும் வரலாம். நான்காமவர் கையில் பண்டாராயா. பாசியையும் கழிவையும் தொட்டு வைக்கிறார். எல்லாரும் இருக்கிறார்கள், மேசை அழகாக இருக்கிறது.

இப்போது ஒருவர் நிகழ்வு அட்டையைத் திருப்புகிறார்: 'பாசார் மாலாம் முடிந்த இரவு, கன மழை.' எண்ணெயும் உணவுக் கழிவும் லோங்காங் வழியாக ஆற்றுக்கு வந்துவிட்டன. உயிர்வளி 6-ஐ அழித்து 2 என்று எழுதுங்கள். நான்காம் வகுப்பு. 'செவுள் மட்டும்' என்று எழுதிய அட்டைகள் எல்லாம் வெளியே. லாம்பாம் போகிறது. செபாராவ் போகிறது. கப்பி மேற்பரப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஹாருவான் காற்றை விழுங்கிக்கொண்டு கப்பியைத் தேடுகிறது.

பண்டாராயா? அதுவும் இருக்கிறது. அது மட்டுமா, நிகழ்வு அட்டை கொண்டுவந்த கழிவே அதற்கு உணவு. மற்றவர்களைத் துரத்திய அதே மழை இதற்கு விருந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. மேசையில் ஒரு கழிவு அட்டையைக் கூட்டி, இரண்டாவது பண்டாராயா அட்டையையும் வைத்துவிடுங்கள். அது தின்னும் பாசியில் லாம்பாம் இருந்த இடமும் இப்போது அதற்குத்தான்.

இங்கே நின்று யோசியுங்கள். பண்டாராயா இந்தச் சுற்றில் யாரையும் தாக்கவில்லை. லாம்பாமைவிட அது 'பலசாலி' என்று எந்த அட்டையிலும் எழுதியிருக்கவில்லை. துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிய ஒரு எண் மாறியது, அவ்வளவுதான். வலிமை எண் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதனால்தான்.

ஆட்டம் தொடரட்டும். அடுத்தவருக்கு நல்ல அட்டை வருகிறது: 'ஆற்றுத் தூய்மைத் திட்டம்.' கிள்ளான், கோம்பாக் ஆறுகளுக்காக 2011-இல் தொடங்கிய ரிவர் ஆஃப் லைஃப் திட்டம் நினைவிருக்கும். மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் நடைபாதையும் விளக்குகளும் போட்டிருக்கிறார்களே, அதுதான். கரையை அழகுபடுத்துவது அதில் ஒரு பகுதி மட்டுமே. கழிவைச் சுத்திகரித்து நீரை இரண்டாம் வகுப்புக்குக் கொண்டுவருவது அதன் பெரிய இலக்கு. சரி, உயிர்வளியை மீண்டும் 6 ஆக்குங்கள். முதல் ஆட்டக்காரர் லாம்பாமை ஆசையாக எடுக்கிறார். எங்கே வைப்பார்? ஓர் உணவு அட்டை இரண்டு மீன்களைத்தான் தாங்கும். பாசியின் இருபக்கமும் பண்டாராயா உட்கார்ந்திருக்கிறது.

நீரைச் சுத்தம் செய்வது ஒரு வேலை, வந்து குடியேறிய மீனை எடுப்பது வேறொரு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்று தானாக நடக்கும் என்று காத்திருக்க முடியாது. அண்மை ஆண்டுகளில் சிலாங்கூர் ஆறுகளில் தன்னார்வலர்கள் வலையோடு இறங்கிப் பண்டாராயாவைப் பிடித்து அகற்றிவருகிறார்கள். அவர்களுக்கும் ஓர் அட்டை செய்யுங்கள். ஒரு முறை பயன்படுத்தினால் ஒரு பண்டாராயா வெளியேறும். ஒரே அட்டையால் மேசையைத் துடைத்துவிடும்படி விதி எழுதினால் அது பொய் விதி. ஒரு பெண் மீன் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பிடிப்பது ஒரு நாள் வேலையாக இருக்காது. இன்னொன்று: நீங்கள் அவர்களைப் போல ஆற்றில் இறங்க வேண்டாம். கழிவு கலந்த ஆற்றில் பிடித்த பண்டாராயாவைச் சமைக்கவும் வேண்டாம்.

விளையாட்டில் வராத விஷயங்களும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஓர் அட்டை ஒரு மீனா, ஓர் இலட்சம் மீனா என்று நம் கட்டு சொல்லாது. நோய் வராது, வயது ஏறாது. செய்து ஆடிப் பார்த்தபின் எந்த விதி ஆற்றோடு ஒத்துவரவில்லை என்று உங்களுக்கே தெரியும். மாற்றுங்கள். ஃபைலோ விதிகளும் அப்படி ஆடி ஆடித் திருத்தியவைதான். அட்டையில் ஏதாவது பெட்டிக்கு விடை கிடைக்காவிட்டால் ஊகித்து நிரப்பாதீர்கள், காலியாக விடுங்கள். தூண்டில் போடும் மாமாக்களையும் சந்தையில் மீன் வெட்டும் அண்ணன்களையும் கேட்டால் சில பெட்டிகள் நிரம்பும். மலாய்ப் பெயர், தமிழ்ப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். அறிவியல் பெயரையும் சேர்த்தால், ஒரே பெயரில் இரண்டு மீன் இருந்தாலும் குழப்பம் வராது.

வெற்றியை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்பீர்கள். யார் கையில் அதிக அட்டை தீர்ந்தது என்று பார்க்காமல், பத்துச் சுற்று முடிவில் மேசையில் எத்தனை வகை மீன் உயிரோடு இருக்கிறது என்று எண்ணுங்கள். உள்ளூர் வகைக்கு இரண்டு புள்ளி, வெளியிலிருந்து வந்ததற்கு ஒன்று. வந்ததற்குப் புள்ளியே கொடுக்கக் கூடாது என்று சிலர் வாதிடுவார்கள். வகுப்பில் அந்த வாதம் நடக்கட்டும்.

கட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஓர் அட்டையோடு முடிக்கிறேன். கிள்ளான் ஆற்று மீன் அன்று. ஆனால் நம் சிலாங்கூர் மீன். பெட்டா லிவிடா என்ற சிறிய சண்டை மீன். உடல் சிவப்பு, விலாப்பக்கத்தில் பச்சைப் புள்ளி. 1992-இல்தான் அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்தது. இலைகள் ஊறித் தேநீர் நிறமான அமில நீரில் வாழும். வட சிலாங்கூரின் கரிமண் சதுப்புக் காடு இதன் வீடு. தஞ்சோங் காராங் வயல்களுக்குப் போகும் நீரில் ஒரு பங்கும் அங்கிருந்துதான் வருகிறது. அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

இதற்கென்று தனி இட அட்டை ஒன்று செய்யுங்கள், கறுத்த தேநீர் நிறத்தில். அதற்கு எதிரான நிகழ்வு அட்டையும் எழுத வேண்டும்: 'வடிகால் வெட்டுதல்.' நீர் வடிந்த கரிமண் உலர்ந்து தீப்பிடிக்கும். அந்தப் புகைமூட்டத்தால் பள்ளி மூடிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மற்ற மீன் அட்டைகளை ஓர் இடம் கெட்டால் அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம் என்று விதி வைத்தாலும், பெட்டா லிவிடா அட்டையில் மட்டும் 'இட மாற்றம் இல்லை' என்று எழுதிவிடுங்கள்.